பிரிட்டன் அரசுக்காக வாதாட விரும்பும் பாரிஸ்டர்களுக்கு: அட்டர்னி ஜெனரல் பேனலில் சேர விண்ணப்பிப்பது எப்படி?

பெரிய சேம்பர்ஸில் (பாரிஸ்டர்கள், அதாவது நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்கள், சேர்ந்து நடத்தும் அலுவலகம்) இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அங்கே மூத்தவர்களில் பலர் ஏற்கெனவே அரசுப் பேனலில், அதாவது அரசுக்காக வாதாட அதன் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் நியமிக்கும் வழக்கறிஞர் பட்டியலில், இருப்பார்கள். அறிவிப்பு எப்போது வரும், எந்த வழக்கை எழுத வேண்டும், யாரைச் சான்றாளராகக் கேட்கலாம் என்பதெல்லாம் தேநீர் வேளையிலேயே காதில் விழுந்துவிடும். லண்டனில் தமிழர் அதிகம் வாழும் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ வளர்ந்து, குடும்பத்தின் முதல் வழக்கறிஞராக வந்து, சிறிய சேம்பர்ஸில் குடியேற்ற வழக்குகளை நடத்திக்கொண்டிருப்பவருக்கு இதை எடுத்துச்சொல்ல ஆள் கிடையாது. நானும் அப்படித்தான் விசாரித்து விசாரித்துத் தெரிந்துகொண்டேன். விண்ணப்பத்தை அனுப்பி முடிப்பதற்குள் படாத பாடு பட்டேன். அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கான வழிகாட்டி. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. வேல்ஸ் அரசும் தனக்கென்று ஒரு பேனல் வைத்திருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பேனலுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது முக்கியமாகக் காகிதத்தில் நடக்கிறது. உங்கள் குரலையோ, நீதிமன்றத்தில் நீங்கள் எழுந்து நிற்கும் தோரணையையோ தேர்வாளர்கள் பார்ப்பதில்லை. உங்களை அறியாத ஒருவர், ஒரு கட்டு விண்ணப்பங்களோடு உட்கார்ந்து உங்களுடையதைப் படிப்பார். அவருக்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றை விண்ணப்பம் திறக்கும் வாரத்தில் உண்டாக்க முடியாது. ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே சேர்த்துவர வேண்டும்.

1. எந்தப் பேனல் என்று முடிவு செய்யுங்கள்

மத்திய அரசுத் துறைகளின் சிவில் வழக்குகளைப் பெரும்பாலும் அரசு சட்டத் துறைதான் நடத்துகிறது. சுருக்கமாக ஜி.எல்.டி. என்பார்கள். 2015 வரை அதன் பெயர் டிரெஷரி சொலிசிட்டர் துறை. அங்குள்ள சொலிசிட்டர்கள் (வழக்கைத் தயாரித்து நடத்தும் வழக்கறிஞர்கள்) நீதிமன்றத்தில் வாதாட வெளியிலிருந்து வழக்கறிஞர்களை அமர்த்தும்போது, அட்டர்னி ஜெனரல் நியமித்த பேனலிலிருந்துதான் வழக்கமாக எடுப்பார்கள். பேனலுக்கு வெளியே ஒருவரை அமர்த்த வேண்டுமானால் தனி ஒப்புதல் வாங்க வேண்டும்.

சிவில் பேனல்கள் மூன்று வகை: லண்டன் பேனல், லண்டனுக்கு வெளியே பிராந்தியப் பேனல், பன்னாட்டுச் சட்டப் பேனல். ஒவ்வொன்றிலும் ஏ, பி, சி என்று மூன்று படிகள். சி என்பது நுழைவுப் படி. ஏ படியில் இருப்பவர்கள் மிகச் சிக்கலான வழக்குகளை நடத்துவார்கள். எதிர்த்தரப்பில் பல நேரம் கிங்ஸ் கவுன்சல் (மூத்த வழக்கறிஞருக்கான பட்டம் பெற்றவர்) நிற்பார்.

நீங்கள் பர்மிங்காம், மான்செஸ்டர், லீட்ஸ், கார்டிஃப் போன்ற இடங்களில் தொழில் நடத்தினால் பிராந்தியப் பேனலைப் பாருங்கள். இந்த நான்கு நகரங்களிலும் அரசின் முடிவுகளை எதிர்க்கும் வழக்குகளை விசாரிக்கும் நிர்வாக நீதிமன்றம் உட்காருகிறது, வேலையும் இருக்கிறது. லண்டன் என்றால்தான் மதிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். லீட்ஸில் வாழ்ந்துகொண்டு லண்டன் பேனலில் பெயர் மட்டும் இருந்து என்ன பயன்?

குற்றவியல் வழக்குகளுக்கு இந்தப் பேனல் பொருந்தாது. அரசுத் தரப்பில் குற்ற வழக்குகளை நடத்த விரும்பினால் கிரவுன் பிராசிக்யூஷன் சர்வீஸ் வைத்திருக்கும் வழக்கறிஞர் பேனலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதில் ஒன்று முதல் நான்கு வரை படிநிலைகளும், பாலியல் குற்றம், மோசடி போன்றவற்றுக்குச் சிறப்புப் பேனல்களும் உண்டு. சீரியஸ் ஃபிராடு ஆபிஸுக்கும் தனிப் பேனல் உண்டு. தொழிற்சாலைப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு இன்னொரு தனிப் பட்டியல் இருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் வேறு, காலம் வேறு. ஒன்றில் சேர்ந்தால் இன்னொன்றில் தானாகச் சேர்ந்துவிடுவதில்லை.

2. உங்கள் அனுபவத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள்

பொதுவான அளவுகோல் இது. சி பேனலுக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு, பி பேனலுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு, ஏ பேனலுக்குப் பத்து ஆண்டுக்கு மேல் வாதாடிய அனுபவம்.

இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். இன் எனப்படும் பாரிஸ்டர் சங்கத்தில் 'கால்', அதாவது பாரிஸ்டர் பட்டம், பெற்ற நாளிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். பார்க்கப்படுவது உண்மையாக வாதாடிய காலம்; பியூபிலேஜ் எனப்படும் ஓராண்டுத் தொழிற்பயிற்சியின் இரண்டு ஆறு மாதங்களையும் முடித்த பிறகு தொடங்குவது. கால் பெற்றுவிட்டு இரண்டு ஆண்டு சட்ட உதவியாளராக வேலை செய்து, பிறகு பியூபிலேஜ் கிடைத்தவர்கள் நம்மில் நிறைய. அந்த இரண்டு ஆண்டு இந்தக் கணக்கில் வராது. மகப்பேறு விடுப்போ நோயோ இடையில் வந்திருந்தால் அதையும் விண்ணப்பத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். அதைச் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. சொல்லாமல் விட்டால்தான் தேதிகளுக்கு நடுவே விளக்கம் இல்லாத ஓட்டை தெரியும்.

சென்னையிலோ கொழும்பிலோ பல ஆண்டு வாதாடிவிட்டு, மாற்றுத் தகுதித் தேர்வு எழுதி இங்கே பாரிஸ்டராகச் சேர்ந்தவர்கள், அந்தப் பழைய அனுபவம் எப்படி எண்ணப்படும் என்று அறிவிப்பில் உள்ள முகவரிக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் சொன்னார், கிளார்க் (சேம்பர்ஸில் வழக்குகளைப் பங்கிடும் நிர்வாகி) சொன்னார் என்று எந்தப் படிக்கும் விண்ணப்பிக்க வேண்டாம்.

சொலிசிட்டர்களுக்கும் ஒரு செய்தி. உயர் நீதிமன்றங்களில் வாதாடும் உரிமை பெற்ற சொலிசிட்டர்களும் இந்தப் பேனலுக்கு விண்ணப்பிக்கலாம். இது பாரிஸ்டர்களுக்கு மட்டும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது.

இரண்டு ஆண்டு அனுபவம் நிரம்பாதவர்களுக்கு 'ஜூனியர் ஜூனியர்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. பெரிய வழக்குகளில் ஆவணங்களைச் சலித்தெடுப்பது, ஆராய்ச்சிக் குறிப்பு எழுதுவது போன்ற வேலைகள் கிடைக்கும். அதில் சேர வாய்ப்புண்டா என்று உங்கள் மூத்த கிளார்க்கிடம் இன்றே கேளுங்கள். அரசு சொலிசிட்டர்கள் எப்படி வேலை வாங்குகிறார்கள் என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

3. மனுதாரர் தரப்பில் வாதாடியவர் அரசுப் பக்கம் வர முடியுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முடியும். புகலிட வழக்குகளில் உள்துறை அமைச்சகத்துக்கு எதிராகவே காலமெல்லாம் வாதாடியிருந்தாலும், அது தகுதிக் குறைவு ஆகாது. எதிர்த்தரப்பில் நின்று ஒரு துறையின் முடிவெடுக்கும் முறையை உள்ளும் புறமும் கற்றவரை அந்தத் துறை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமே இல்லை.

இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. நீதிமுறை மறுஆய்வில், அதாவது அரசின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றம் பார்க்கும் வழக்கில், அரசுத் தரப்புக்கு உண்மையை மறைக்காமல் முன்வைக்கும் கடமை இருக்கிறது. தனக்கு எதிரான ஆவணத்தையும் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். 'இந்த வழக்கில் நாம் நிற்க முடியாது, விட்டுக்கொடுங்கள்' என்று அமைச்சகத்துக்கு எழுதிக் கொடுப்பவர் அரசுத் தரப்பு வழக்கறிஞர்தான். இலங்கைத் தமிழர்களின் புகலிட வழக்குகளுக்கு வழிகாட்டியாக மேல் தீர்ப்பாயம் 2013இலும் 2021இலும் தந்த தீர்ப்புகளைக் கரைத்துக் குடித்த ஒருவர், அந்த ஆலோசனையை எழுதும் நாற்காலியில் உட்கார வேண்டாமா? நம் சமூகத்திலிருந்து இந்தப் பேனல்களுக்கு இன்னும் பலர் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆனால் நல முரண்பாட்டு விதிகளைக் கட்டாயம் படியுங்கள். பேனலில் சேர்ந்த பிறகும் அரசுக்கு எதிரான வழக்குகளை எடுப்பது முற்றிலுமாகத் தடுக்கப்பட்டதில்லை. ஒரு துறையின் ரகசியத் தகவல் உங்கள் கைக்கு வந்திருக்கும்போது அதே விஷயத்தில் அந்தத் துறைக்கு எதிராக நிற்க முடியாது என்பது சொல்லாமலே புரியும். நடுவில் சந்தேகமான வழக்குகள் வரும். அப்போது நீங்களே முடிவு செய்யாமல், வழக்கை ஏற்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். உங்களுக்கு இதுவரை வேலை கொடுத்துவந்த சொலிசிட்டர் நிறுவனங்களிடமும் விண்ணப்பிக்கும் முன்பே பேசிவிடுவது நல்லது. அவர்கள் வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது.

4. ஆவணங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

விண்ணப்பம் திறந்த பிறகு தேடி அலையக் கூடாத காகிதங்கள் இவை:

- நடப்பு ஆண்டின் தொழில் சான்றிதழ். ஒவ்வொரு ஆண்டும் மார்ச் இறுதிக்குள் புதுப்பிக்க வேண்டியது.
- பார் மியூச்சுவல் நிறுவனத்தின் தொழில் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று. சுயதொழில் பாரிஸ்டர்களுக்கு இது கட்டாயம்.
- தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்ததற்கான சான்று.
- பியூபிலேஜின் இரு பகுதிகளும் முடிந்த தேதியைக் காட்டும் கடிதங்கள்.
- அடையாள ஆவணமும், பிரிட்டனில் வேலை செய்யும் உரிமைக்கான ஆதாரமும்.
- வருமான வரிக் கணக்கு ஒழுங்காக இருப்பதைக் காட்டும் பதிவுகள்.

உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கையோ வரித் தகராறோ இருந்து, அதைப் பற்றி விண்ணப்பத்தில் கேள்வி வந்தால் மறைக்காதீர்கள். தீர்ந்துபோன சிறிய விஷயத்தை விளக்கிவிடலாம். மறைத்தது பின்னால் தெரியவந்தால் அது நேர்மை பற்றிய கேள்வியாக மாறிவிடும். நம் தொழிலில் அதற்கு மருந்து இல்லை.

5. வழக்குப் பதிவேடு ஒன்றை இன்றே தொடங்குங்கள்

விண்ணப்பத்தின் உயிர் உங்கள் வழக்கு விவரங்கள்தான். வாதத் திறமை, எழுத்துத் திறமை, சட்ட அறிவு, நிதானமான தீர்மானம், சொலிசிட்டர்களோடு சேர்ந்து வேலை செய்யும் பாங்கு ஆகியவற்றுக்கு எடுத்துக்காட்டுகள் காட்ட வேண்டியிருக்கும். எடுத்துக்காட்டுகள் அண்மைக் காலத்தவையாக இருப்பது நல்லது.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு வழக்கை நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால் பெயரும் முடிவும்தான் வரும். என்ன சிக்கல் இருந்தது, எந்த இடத்தில் நீங்கள் எதைச் செய்தீர்கள் என்பது மறந்துபோயிருக்கும். ஆகவே ஒவ்வொரு விசாரணை முடிந்த மாலையும் சில வரிகள் எழுதி வையுங்கள்: வழக்கு எண், நீதிமன்றம், நீதிபதி, எதிர்த்தரப்பு வழக்கறிஞர், உங்களை அமர்த்திய சொலிசிட்டர், தகராறின் மையம், நீங்கள் தனியாகச் செய்தது, முடிவு. நீதிபதி தீர்ப்பில் உங்கள் வாதத்தைக் குறிப்பிட்டிருந்தால் பத்தி எண்ணையும் எழுதுங்கள். கட்சிக்காரரின் ரகசியம் இதில் வேண்டாம். உங்கள் வேலையைப் பற்றிய குறிப்பு போதும்.

6. வழக்கு விவரத்தை எழுதும் முறை

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன், விவரங்கள் கற்பனை. சட்டவிரோதத் தடுப்புக்காவல் வழக்கு ஒன்றைப் பெரும்பாலானவர்கள் இப்படி எழுதுவார்கள்:

'சிக்கலான தடுப்புக்காவல் வழக்கில் மனுதாரருக்காக வாதாடினேன். ஹர்தியால் சிங் கோட்பாடுகள் விரிவாக விவாதிக்கப்பட்டன. எங்கள் தரப்பு வென்றது.'

இதில் வழக்கறிஞர் எங்கே இருக்கிறார்? வழக்கு சிக்கலானது என்று அவரே சொல்கிறார். குடியேற்றக் காவல் எவ்வளவு காலம் நீடிக்கலாம் என்று வரையறுக்கும் அந்தக் கோட்பாடுகளை யார் விவாதித்தார்கள் என்று தெரியவில்லை. வென்றது உங்களாலா, அமைச்சகம் சொதப்பியதாலா என்பதும் விளங்கவில்லை. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

'மனுதாரர் பதினான்கு மாதம் காவலில் இருந்தார். பயண ஆவணம் நியாயமான காலத்துக்குள் கிடைக்குமா என்பதுதான் தகராறு. அமைச்சகம் தந்த கோப்பிலிருந்து காலவரிசையை நானே தொகுத்தேன். தூதரகத்துக்கு ஐந்து மாதம் நினைவூட்டல் எதுவும் போகவில்லை என்பது அதில் வெளிப்பட்டது. முழுக் காலத்தையும் சட்டவிரோதம் என்று வாதிட்டால் வலுவான பகுதியும் நீர்த்துப்போகும் என்பதால், பிற்பகுதியை மட்டும் பிடித்துக்கொள்ளுமாறு ஆலோசனை சொன்னேன். வாதச் சுருக்கத்தைத் தனியாக எழுதினேன். விசாரணைக்கு முன்பே அமைச்சகம் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது.'

தேர்வாளர் இதில் மூன்று திறமைகளைப் பார்க்கிறார். ஆவணத்தைச் சலித்தது, எழுதியது, எல்லாவற்றுக்கும் மேலாக எதை விட வேண்டும் என்று தீர்மானித்தது. அரசுத் தரப்பில் மிகவும் வேண்டப்படுவது அந்த மூன்றாவதுதான். தன் வழக்கின் பலவீனத்தைச் சரியாகப் பார்த்தவர் என்பதை வெற்றியை விட அதிகமாக மதிப்பார்கள். தோற்ற வழக்கையும் தாராளமாக எழுதலாம். கெட்டியான வாதத்தை நேர்மையாக வைத்துத் தோற்றதில், உங்களைப் பற்றித் தேர்வாளர் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. 'நாங்கள்' என்ற சொல்லை அறவே நீக்குங்கள். மூத்தவரோடு சேர்ந்து நடத்திய வழக்கென்றால் அவர் செய்தது எது, நீங்கள் செய்தது எது என்று பிரித்துக் காட்டுங்கள். எல்லா எடுத்துக்காட்டும் ஒரே வகை வழக்காக இருக்க வேண்டாம்: தீர்ப்பாய மேல்முறையீடு ஒன்று, நீதிமுறை மறுஆய்வு ஒன்று, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்த கவுண்டி கோர்ட் வழக்கு ஒன்று என்று பரப்புங்கள். வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம், சிறைச் சட்டம், வரி, மரண விசாரணை என எல்லாவற்றுக்கும் அரசுக்கு ஆள் தேவைப்படுகிறது. அதனால் 'நான் செய்வது சின்ன வழக்குகள்' என்று ஒதுங்க வேண்டாம். சின்ன வழக்கில் தனியாக நின்றவருக்கு, பெரிய வழக்கில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்தவரை விடச் சொல்ல அதிகம் இருக்கும்.

சொல் வரம்பு இருக்கும். அதை மீறினால் மீறிய பகுதி படிக்கப்படாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் உங்கள் துறையைச் சேராத ஒரு வழக்கறிஞரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்கு எங்கே கேள்வி எழுகிறதோ அங்கேதான் திருத்தம் தேவை.

7. எழுத்து மாதிரி

நீங்கள் எழுதிய வாதச் சுருக்கமோ ஆலோசனைக் குறிப்போ கேட்கப்பட்டால், மூத்தவர் திருத்தி மெருகேற்றியதைக் கொடுக்காதீர்கள். முழுக்க உங்களுடையதாக இருக்க வேண்டும். முப்பது பக்கத்தில் எல்லாவற்றையும் சொல்வதை விட, பத்துப் பக்கத்தில் ஒரு கடினமான கேள்வியைத் தீர்த்துவைத்த ஆவணம் மேலானது. முதல் பக்கத்திலேயே தகராறு என்ன, உங்கள் விடை என்ன என்பது தெரிய வேண்டும். தேர்வாளர் தேட மாட்டார்.

அனுப்புவதற்கு முன் பெயர்களை மறையுங்கள். புகலிட வழக்கு, குழந்தைகள் தொடர்பான வழக்கு என்றால் இரட்டைக் கவனம் தேவை. பெயரைக் கறுப்புப் பட்டையால் மூடிவிட்டு, அடிக்குறிப்பிலோ கோப்பின் பெயரிலோ கட்சிக்காரர் பெயரை விட்டுவைப்பவர்கள் உண்டு. கணினியில் வரைந்த பட்டைக்குக் கீழே எழுத்து அப்படியே இருப்பதும் உண்டு. நகலெடுத்து வேறு பக்கத்தில் ஒட்டினால் பெயர் பளிச்சென்று வந்துவிடும். நீங்களே ஒட்டிப் பார்த்துச் சோதித்துவிட்டு அனுப்புங்கள். ரகசியத்தைக் காக்கத் தெரியாதவர் என்று எழுத்து மாதிரியிலேயே காட்டிக்கொள்ளக் கூடாது.

8. சான்றாளர்கள்

உங்கள் வேலையை நேரில் கண்டவர்கள் தேவை. உங்களுக்கு எதிராக வாதாடியவர், உங்களை அமர்த்திய சொலிசிட்டர், உங்கள் வாதத்தைக் கேட்ட நீதிபதி ஆகியோரின் சொல்லுக்கு எடை அதிகம். சேம்பர்ஸ் தலைவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், நீங்கள் வாதாடுவதைப் பார்த்ததே இல்லையென்றால் அவர் பொதுப்படையாகத்தான் எழுதுவார்.

நம்மவர்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. பெரியவர்களிடம் போய் எனக்காக எழுதுங்கள் என்று கேட்பது தற்பெருமையாகத் தோன்றும். இங்கே இது தொழிலின் அன்றாட நடைமுறை. ஒரு சின்ன மின்னஞ்சல் போதும்: எந்த வழக்கு, எந்த நாள், எந்தப் பேனல், எப்போது கடிதம் கேட்கப்படலாம் என்று சொல்லி, விருப்பமில்லையென்றால் தயங்காமல் மறுக்கலாம் என்றும் சேர்த்துவிடுங்கள். நீதிபதியிடம் நீங்கள் நேராக எழுதலாமா, அலுவலகம் வழியாகவா என்பதை மூத்த கிளார்க்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்புதல் வாங்காமல் யாருடைய பெயரையும் போடாதீர்கள். ஆகஸ்டில் நீதிமன்ற விடுமுறை. அந்த மாதத்தில் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது வீண்.

9. செலவும் வரவும்

விண்ணப்பத்துக்கென்று கட்டணம் கிடையாது. யாராவது பணம் வாங்கிக்கொண்டு 'இடம் பிடித்துத் தருகிறேன்' என்றால் நம்ப வேண்டாம். செலவெல்லாம் தொழிலை ஒழுங்காக நடத்துவதற்கு ஆவதுதான். தொழில் சான்றிதழ்க் கட்டணம் உங்கள் வருமானப் பிரிவைப் பொறுத்து ஏறும். தகவல் ஆணையர் அலுவலகக் கட்டணம் மிகச் சிறிய பிரிவுக்கு 2025 பிப்ரவரி முதல் 52 பவுண்டு; நேரடிப் பற்று வைத்தால் 5 பவுண்டு குறையும். காப்பீடும் வருமானத்தைப் பொறுத்தது.

வரவைப் பற்றி மயக்கம் வேண்டாம். அரசு மணிக்கணக்கில் தருகிறது. வீதம் பேனலின் படியைப் பொறுத்தது. நீண்ட காலம் லண்டன் ஏ பேனலுக்கு மணிக்கு 120 பவுண்டு, பி பேனலுக்கு 100 பவுண்டு என்றே இருந்தது. சி பேனலுக்கு அதற்கும் குறைவு. நடப்பு வீதத்தை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் வணிக வழக்குகளோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். அந்தத் தொகையிலிருந்து சேம்பர்ஸ் பங்கும், வரியும், காப்பீடும் போகும். ஆனால் பணம் நிச்சயம் வரும். இளம் வயதிலேயே உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் நிற்க வாய்ப்பு வரும்.

எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்பதற்குத் தெளிவான பதிவு வேண்டும். 'ஆவணம் படித்தல், ஆறு மணி' என்று எழுதினால் கேள்வி வரும். எந்த ஆவணம், எதற்காக என்று அன்றன்றே குறியுங்கள். பன்னிரண்டு மாத வரவு 90,000 பவுண்டைத் தாண்டினால் வாட் பதிவு கட்டாயம். வரிப் பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவையுங்கள். ஜனவரி 31, ஜூலை 31 இரண்டும் சுயதொழில் பாரிஸ்டரின் தூக்கத்தைக் கெடுக்கும் தேதிகள்.

10. காலக் கணக்கு

அறிவிப்பு அரசின் இணையதளத்தில் வரும். எந்தப் பேனலுக்கு எப்போது தேர்வு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறலாம்; எல்லாப் பேனலும் ஒரே நேரத்தில் திறப்பதும் இல்லை. அந்தப் பக்கத்தில் மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிவு செய்யுங்கள். கிளார்க்கும் பார்த்துக்கொள்வார் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். விண்ணப்பம் சில வாரங்களே திறந்திருக்கும். முடிவு வர மாதங்கள் ஆகும். நியமனம் பெரும்பாலும் மார்ச் முதல் தேதியிலோ செப்டம்பர் முதல் தேதியிலோ தொடங்கும்.

திறக்கும் முன்பே வழக்கு விவரங்களின் முதல் வரைவு கையில் இருக்க வேண்டும். திறந்த முதல் வாரத்தில் படிவத்தை இறக்கி, கேள்விகள் சென்ற முறையிலிருந்து மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய விடையை அப்படியே ஒட்டியது படிப்பவருக்கு உடனே தெரியும். கடைசி நாள் மதியத்துக்கு மேல் அனுப்பலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்குத்தான் நீதிமன்றம் இழுக்கும்.

11. பாதுகாப்புச் சோதனையும் தகவல் பாதுகாப்பும்

அரசு வேலைக்கான அடிப்படைச் சோதனையில் அடையாளம், வேலை செய்யும் உரிமை, கடந்த மூன்று ஆண்டு வேலை விவரம், நடப்பில் உள்ள குற்றப் பதிவு ஆகியவை பார்க்கப்படும். தேசியப் பாதுகாப்பு சார்ந்த வழக்குகளுக்கு இன்னும் கடுமையான சோதனைகள் உண்டு. சோதனையின் கடுமையைப் பொறுத்து மூன்று, ஐந்து, பத்து ஆண்டு பிரிட்டனில் வசித்திருப்பது பொதுவாக எதிர்பார்க்கப்படுகிறது. வெளிநாட்டில் பிறந்தவர்களும், ஊரில் உறவினர் இருப்பவர்களும் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கேட்டதை முழுமையாகச் சொல்லுங்கள். பழைய முகவரிகளையும் பயணத் தேதிகளையும் இப்போதே ஒரு தாளில் எழுதிவைத்தால் பிறகு எளிது.

தகவல் பாதுகாப்புக்கு அட்டர்னி ஜெனரலின் வழிகாட்டு விதிகள் இருக்கின்றன. மடிக்கணினி முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யும் கணினியில் அரசு ஆவணத்தைத் திறக்கக் கூடாது. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் படிக்கும்படி திரையை விரிக்கக் கூடாது.

12. முடிவு வந்த பிறகு

கிடைக்கவில்லையென்றால், காரணம் ஏதும் சொல்வார்களா என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த தேர்வுக்கு மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. நல்ல வழக்கறிஞர்கள் பலர் இரண்டாம் முறை, மூன்றாம் முறையில்தான் சேர்ந்திருக்கிறார்கள்.

கிடைத்துவிட்டால், வேலை தானாக வாசலுக்கு வரும் என்று எண்ண வேண்டாம். பேனலில் பெயர் இருப்பது வேலைக்கு உத்தரவாதம் ஆகாது. யாரை அமர்த்துவது என்பதை அந்தந்த வழக்கின் அரசு சொலிசிட்டர் முடிவு செய்வார். எந்தத் துறை வழக்குகளில் உங்களுக்கு அனுபவம், எந்த நாட்களில் கையில் நேரம் இருக்கிறது என்று கிளார்க் மூலம் தெரியப்படுத்துங்கள். முதல் சில வழக்குகளே உங்கள் பெயரைத் தீர்மானிக்கும். நீதிமுறை மறுஆய்வு மனு கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள் அரசுத் தரப்பு தன் ஒப்புகைப் படிவத்தையும் எதிர்வாதச் சுருக்கத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். துறையிலிருந்து கோப்பு வந்து, சொலிசிட்டர் படித்து, உங்களிடம் வரும்போது அதில் சில நாட்களே மிஞ்சியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை வந்த கோப்புக்குத் திங்கட்கிழமை காலை தெளிவான பதில் தருகிறவரை அந்த சொலிசிட்டர் மறுபடி தேடுவார். முடியாது என்றால் வெள்ளிக்கிழமை மாலையே சொல்லிவிடுங்கள், அதையும் மதிப்பார்கள்.

நியமனம் பொதுவாக ஐந்து ஆண்டு. அது தானாக நீளாது. நான்காம் ஆண்டிலேயே அடுத்த படிக்கு விண்ணப்பிக்கலாமா என்று பாருங்கள். சி பேனலிலிருந்து பி பேனலுக்குப் போவதற்கும் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இவை ஜூனியர் கவுன்சல்களுக்கான, அதாவது கிங்ஸ் கவுன்சல் பட்டம் பெறாதவர்களுக்கான, பேனல்கள். கிங்ஸ் கவுன்சல் ஆகும் நாளில் பேனல் உறுப்பினர் நிலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அரசு உங்களை அமர்த்த வேண்டுமென்றால், அந்தந்த வழக்குக்கு ஒப்புதல் வாங்க வேண்டியது துறையின் வேலை.